வலையுலகுக்கு ஓர் ஆற்றுப்படை

(மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில் வாசகர் அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று மாலை நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் எல்லாருடைய கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. இணையத்தில் ஒரு நல்ல எழுத்தைப் படிக்கிறோம். சிரிக்கிறோம், கண் கலங்குகிறோம், அட என்று வியக்கிறோம். எழுதியவர் நண்பராக இருக்கலாம். முகமே தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். படித்து முடித்தபின் என்ன செய்கிறோம்? அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோமா? அல்லது பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்" என்று சொல்கிறோமா? சொன்னால், எப்படிச் சொல்கிறோம்?

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நல்ல வலைப்பூவை, நல்ல இணையத்தளத்தை இன்னொருவருக்குக் கைகாட்டிவிடும் அந்தச் சொல்லைப் பற்றி.

அன்பர்களே! நம் முன்னோர்கள் இதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்தார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வழியில் வறுமையோடு வரும் வேறொரு பாணனைக் காண்கிறான். முன்பின் தெரியாதவன். ஆனாலும் நிறுத்துகிறான். "நான் இன்னாரிடம் போனேன். இன்னது பெற்றேன். நீயும் போ. இந்த வழியாகப் போ" என்று சொல்கிறான். அதற்குத்தான் ஆற்றுப்படை என்று பெயர். ஆறு என்றால் வழி. வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் உள்ள பத்து நூல்களில் எத்தனை ஆற்றுப்படை தெரியுமா? ஐந்து! சரிபாதி! திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்று மறுபெயர் கொண்ட மலைபடுகடாம். இன்னொருவருக்கு வழிகாட்டுவதை இத்தனை பெரிய கலையாக வளர்த்த மொழி நம்முடைய மொழி.

அந்தப் பாணன் எப்படி வழி சொல்கிறான் என்று பாருங்கள். சிறுபாணாற்றுப்படையில், கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்துக்குப் போனால் சுட்ட மீன் கிடைக்கும் என்கிறான். அடுத்து வேலூர், அங்கே புளிக்கறி இட்ட சோறு. அடுத்து ஆமூர், அங்கே வெண்சோற்றோடு நண்டு. பசித்தவனுக்கு ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. எந்த ஊரில் என்ன சோறு என்பது வரைக்கும் சொல்கிறான். மலைபடுகடாத்தில் வழி சொல்லும் கூத்தன் ஆபத்துகளையும் சொல்கிறான்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல் வரும், பார்த்துப் போ!

ஆக, பாணனும் கூத்தனுமாக நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். நான் என்ன பெற்றேன்? எந்த வழியாகப் போவது? வழியில் என்ன கிடைக்கும்? எங்கே கவனமாக இருக்க வேண்டும்? இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரை முடியும் வரை இந்த நான்கும் நம்மோடு வரும்.

சரி, சங்க காலத்திலிருந்து நம் தோட்டத்துக்கு வருவோம்.

தமிழ் நேசன் என்ற நாளிதழ் 1924-இல் தொடங்கி 2019 வரை இந்த நாட்டில் வெளிவந்தது. என் சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் நாளிதழ் எத்தனை வீட்டுக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுக்கு ஒன்று, வாத்தியார் வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. மாலையில் கடைத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர் எல்லாவற்றையும் படிக்க மாட்டார். "இதக் கேளுங்க, நம்ம ஆளு ஒருத்தரு கதை எழுதியிருக்காரு" என்று பக்கத்தைத் திருப்புவார். அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைய எங்கள் ஆற்றுப்படை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதனால் கதை கேட்டார்கள். எழுதியவர் யார் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் வந்து, "அவரு இந்த வாரம் எழுதலையா?" என்றும் கேட்டார்கள்.

இன்று நிலைமை என்ன? அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்டது. அன்று ஒரு நாளிதழுக்கு முப்பது பேர் காத்திருந்தோம். இன்று ஆயிரம் எழுத்துகள் ஒரு வாசகருக்காகக் காத்திருக்கின்றன. எழுத்துக்குப் பஞ்சமில்லை அன்பர்களே. "இதக் கேளுங்க" என்று சொல்லும் அந்தத் திண்ணை மனிதருக்குத்தான் பஞ்சம்!

ஒரு பரிந்துரை என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கம் தென்னமரம் தோட்டம் உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட இடம் அதுதான், ஆண்டு 1917. அதைப் பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தம் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1930-இல் அந்த நாவலுக்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. கொன்கூர் பரிசு என்பது என்ன? பத்து உறுப்பினர்கள் உட்கார்ந்து, "இந்த ஆண்டு இதைப் படியுங்கள்" என்று நாட்டுக்குச் சொல்வது. பத்துப் பேர் சொன்னார்கள், நாடே படித்தது. நம் சிலாங்கூர் மண்ணைப் பாரிஸ் நகரம் அப்படித்தான் அறிந்தது.

அதே மண்ணில், அதே காலத்தில், விடிவதற்கு முன்பே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நின்ற நம் பாட்டிமார்களின் கதையை யார் எழுதினார்கள்? யார் படித்தார்கள்? அன்று எழுத வழியில்லை. இன்று வழியிருக்கிறது. பேரன் பேத்திகள் எழுதுகிறார்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லும் அந்தப் பத்துப் பேர் எங்கே? அந்தப் பத்துப் பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று நம்பித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

அன்பர்களே! இணையத்தில் தமிழ் வந்த கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கேரித் தீவில் தமிழ் வளர்த்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985-இல் முரசு என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னால் அது முரசு அஞ்சல் ஆனது. 2005-இல் கைப்பேசியில் தமிழில் எழுத அவருடைய செல்லினம் வந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். சிலாங்கூர்த் தோட்டத்துப் பின்னணியிலிருந்து வந்த முத்து நெடுமாறனின் உழைப்பில்தான் உலகெங்கும் உள்ள தமிழர்கள் பலர் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றார்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எழுத்துரு வந்தது. எழுதினார்கள். 2003 வாக்கில் தமிழ் வலைப்பூக்கள் ஒன்றிரண்டாகத் தோன்றின. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: எவர் எங்கே எழுதுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கனடாவில் இருந்த மதி கந்தசாமி, வலைப்பூக்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார். 2004-இல் கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். யார் புதிதாக எழுதினாலும் அதன் முகப்பில் தலைப்பு தெரிந்தது. வாரம் ஒருவரை நட்சத்திரமாக நிறுத்தி, எல்லாரும் அவரைப் படிக்கும்படி செய்தார்கள். நம் நாட்டிலும் பேராக்கைச் சேர்ந்த ஆசிரியர் சுப. நற்குணன் தம் திருத்தமிழ் வலைப்பூவோடு நின்றுவிடவில்லை. மலேசிய வலைப்பூக்களைத் திரட்ட திருமன்றில் என்று ஒன்றையும் நடத்தினார்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அள்ளியது வலைச்சரம். 2007-இல் சிந்தாநதி என்ற பெயரில் எழுதியவர் தொடங்கியது. பிறகு மதுரையில் இருந்த சீனா ஐயா பல ஆண்டுகள் கட்டிக் காத்தார். வலைச்சரத்தின் வேலையே ஒன்றாகத்தான் இருந்தது. வாரத்துக்கு ஒருவர் ஆசிரியர். திங்கட்கிழமை அவர் தம்மை அறிமுகம் செய்துகொள்வார். அதற்குப் பிறகு வாரம் முழுவதும் மற்றவர்களின் வலைப்பூக்களை அறிமுகம் செய்வார். சமையல் எழுதுகிறவர், பயணம் எழுதுகிறவர், பழைய திரைப்பாட்டு எழுதுகிறவர், பிள்ளை வளர்ப்பு எழுதுகிறவர், கவிதை எழுதுகிறவர் என்று ஒவ்வொருவராகக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். அதோடு விட மாட்டார். அறிமுகம் பெற்றவரின் வலைப்பூவுக்கே போய், "உங்களைப் பற்றி இன்று வலைச்சரத்தில் எழுதியிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வருவார்.

அந்த ஒரு வரியைப் பெற்றவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏதோ ஓர் ஊரில், வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு ஒருவர் எழுதுகிறார். யாராவது படிக்கிறார்களா என்றே தெரியாது. மறுநாள் வந்து பார்த்தால் முகம் தெரியாத ஒருவர், "உங்கள் எழுத்தைப் படித்தேன், பிறரையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். அன்றிரவு அவர் தூங்குவாரா? அடுத்ததை எழுதத்தானே உட்காருவார்!

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம். "நாங்களும்தான் தினமும் புலனத்தில், அதாவது வாட்சாப்பில், பத்துச் செய்தி அனுப்புகிறோமே, அது பரிந்துரை இல்லையா?"

நல்ல கேள்வி. அனுப்புவது வேறு, பரிந்துரைப்பது வேறு. அனுப்புவதற்கு ஒரு விரல் போதும். பரிந்துரைக்கப் படித்திருக்க வேண்டும். அனுப்பியதில் நம் பெயர் இருக்காது. பரிந்துரையில் நம் வாக்கு இருக்கும். விரல் எல்லை மீறியதால் என்ன நடந்தது? வாட்சாப் நிறுவனமே 2019 சனவரியில், ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. பொய்ச் செய்தி அப்படிப் பரவியது! பரிந்துரைக்கு அப்படி யாரும் வேலி போட வேண்டியதில்லை. படித்து, உணர்ந்து, இன்னாருக்கு இது பிடிக்கும் என்று எண்ணிச் சொல்கிறவர் ஒரு நாளைக்கு ஐம்பது சொல்ல முடியுமா? ஒன்று சொல்வார். அந்த ஒன்று நிற்கும்.

நம் ஊருக்கு அருகே கம்போங் குவாந்தானுக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கைகள் உயர்கின்றன, மகிழ்ச்சி. சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருட்டிய பிறகு சிறு படகில் ஏறுகிறோம். இயந்திரம் கிடையாது; துடுப்புதான். கைப்பேசி வெளிச்சம்கூடக் காட்டக் கூடாது. முதலில் ஒன்றும் தெரிவதில்லை. இரு கரையிலும் இருட்டு. நாமாகப் பார்த்தால் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு, "அதோ, அந்த பெரெம்பாங் மரம்" என்று காட்டுவார். பார்த்தால் மரம் முழுக்கக் கெலிப்-கெலிப் எனும் மின்மினிகள், ஒரே தாளத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும்! மின்மினி அங்கே முன்பே இருந்தது. நமக்கு மரம் தெரியவில்லை, அவ்வளவுதான். படகோட்டி வெளிச்சம் உண்டாக்கவில்லை; மரத்தைக் காட்டினார். நமக்கு அந்த இரவு கிடைத்தது.

நல்ல வாசகர் அந்தப் படகோட்டி. அவர் எழுத வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. எந்த மரத்தில் வெளிச்சம் என்று தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரையோரத்து மரத்தை வெட்டினால் மின்மினி போய்விடும். இணையத்திலும் அப்படியே. யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தை 2009-இல் மூடியது. தொடக்க காலத்தில் எத்தனையோ தமிழர்கள் ஆர்வத்தோடு கட்டிய பக்கங்கள் அதோடு போயின. இணையத்தில் ஏற்றிவிட்டால் என்றென்றும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வாசகர் வருகிற தளத்தை நடத்துகிறவர் காப்பாற்ற நினைப்பார். யாரும் வராத வீட்டில் எத்தனை நாள் விளக்கேற்றுவார்?

இப்போது நண்பர்களின் எழுத்துக்கு வருகிறேன். இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். நானும் தவறினேன்.

என்னோடு தோட்டப் பள்ளியில் படித்த ஒரு நண்பர், பணி ஓய்வுக்குப் பிறகு வலைப்பூ எழுதத் தொடங்கினார். எங்கள் தோட்டத்து நினைவுகளை எழுதினார். நான் உடனே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். என்ன எழுதி அனுப்பினேன்? "என் நண்பர் எழுதுகிறார், ஆதரவு தாருங்கள்." ஒருவர்கூடப் படிக்கவில்லை. கைகூப்பும் படம் மட்டும் இருபது வந்தது. ஏன் படிக்கவில்லை? நண்பர் என்றேன்; எழுத்து எப்படி என்று சொல்லவில்லை. ஆதரவு கேட்டேன், அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. பாணன் சொன்ன நான்கில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை!

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை, ரொட்டி சானாய் கடையில் நாலைந்து பேராக உட்கார்ந்திருந்தோம். பேச்சு பழைய தோட்டத்தைப் பற்றித் திரும்பியது. நான் கைப்பேசியை எடுத்து, நண்பர் எழுதிய ஒரு பத்தியை உரக்கப் படித்தேன். விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவருடைய அம்மா ரப்பர் பால்மரம் வெட்டப் போவது, சிறுவனான அவர் கூடவே ஓடி பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பது, அம்மா கத்தி வைத்து வெட்டிவிட்டுப் பிறகு வெட்டுக் கோட்டிலிருந்து ஒட்டுப்பாலை உரிப்பது என்று அந்தப் பத்தி போகும். படித்து முடித்தேன். யாரும் பேசவில்லை.

பக்கத்து மேசையில் ஓர் அம்மா. எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. அது தப்பு. மரத்துகிட்ட போனதும் மொதல்ல கோட்டுல காஞ்சி கெடக்கிற ஒட்டுப்பால உரிச்சி எடுத்துடணும். அப்புறந்தான் கத்தி வைக்கணும். அது கோட்டுல கெடந்தா பால் எங்கிட்டு ஓடும்?"

சொல்லிக்கொண்டே, இல்லாத மரத்தில் இரண்டு விரலால் ஒரு நுனியைப் பிடித்து, மெல்ல, அறுந்துவிடாமல், ஒரே இழுப்பாக உரித்துக் காட்டினார் பாருங்கள்! நாற்பது ஆண்டு பழக்கம் அந்த விரலில் இருந்தது. நாங்கள் எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே நண்பரிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, துள்ளினார். பத்தியைத் திருத்தினார். கீழே, பால்மரம் வெட்டிய ஒரு தாய் சொல்லித் திருத்தியது என்று ஒரு வரி சேர்த்தார். இருபது கைகூப்பும் படங்கள் தராததை ஒரு வாசகி தந்தார்.

அன்பர்களே! நண்பர் எழுதினார் என்பதற்காகப் பரிந்துரைக்காதீர்கள். நண்பர் நன்றாக எழுதிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரையுங்கள். பத்தில் மூன்று நன்றாக இருந்தால் அந்த மூன்றைச் சொல்லுங்கள். மீதி ஏழைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசுங்கள். அதுதான் நட்புக்கு அழகு. நம் சொல்லை நம்பி ஒருவர் வருகிறார் என்றால், அவருடைய அரை மணி நேரத்துக்கு நாம் பொறுப்பு.

முகம் தெரியாதவர்களுக்கு வேறு கடமை. நண்பருக்கு நாம் இருக்கிறோம். முகம் தெரியாதவருக்கு யார் இருக்கிறார்? ஆற்றுப்படையில் பாணன் வழி சொன்னது தன் மைத்துனனுக்கா? வழியில் எதிர்ப்பட்டவனுக்கு! அதனால், நல்லதைப் படித்தால் எழுதியவர் எந்த நாடு, எந்த ஊர், எந்தக் கட்சி என்று பார்க்காமல் கைகாட்டுங்கள்.

இவ்வளவு சொன்ன நான், சும்மா போய்விடலாமா? என் பரிந்துரைகளைச் சொல்கிறேன். பாணனின் நான்கு கேள்விகளையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, துளசிதளம். நியூசிலாந்தில் வாழும் துளசி கோபால் 2004 முதல் எழுதி வருவது. வலைப்பதிவர்கள் அவரை டீச்சர் என்றே அழைப்பார்கள். கோயில், குளம், கடைத்தெரு, பயணம், சாப்பாடு, வீட்டுப் பூனை எல்லாம் வரும். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று பேசுவது போன்ற நடை. நான் பெற்றது என்ன? கண்ணில் பட்ட சின்னச் சின்ன விஷயமும் எழுதத் தக்கது என்ற துணிவு. வழி எது? நீங்கள் நேரில் போய்வந்த ஒரு கோயிலின் பெயரைத் தேடி, அதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கவனிக்காமல் வந்ததை அவர் காட்டுவார். கவனம் எங்கே? ஒரு பயணம் பல பகுதிகளாக நீளும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்காராதீர்கள், பொங்கிவிடும்.

இரண்டாவது, சிட்னியில் வாழும் கானா பிரபாவின் இரண்டு வலைப்பூக்கள். ஒன்று மடத்துவாசல் பிள்ளையாரடி. யாழ்ப்பாணத்து இணுவில்தான் அவருடைய ஊர். ஊர் நினைவு, மனிதர்கள், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வரும். மற்றொன்று றேடியோஸ்பதி; திரையிசை பற்றியது. இளையராஜா பாட்டை விரும்புகிறவர்கள் அங்கே போனால் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் முதலாவதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஏன்? ஊரை விட்டு வந்தவர் ஊரை எப்படி எழுத்தில் காப்பாற்றுவது என்பதற்கு அது பாடம். ஈழத்துப் பேச்சு வழக்கு முதலில் சற்றுப் புதிதாக இருக்கும். இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்; மூன்றாவது பக்கத்தில் இனிக்கும்.

மூன்றாவது, அழியாச் சுடர்கள். புதுமைப்பித்தன், மௌனி போன்ற முன்னோடிகளின் சிறுகதைகளைத் தேடித் தொகுத்து வைத்திருக்கும் வலைப்பூ. புத்தகக் கடை நம் ஊரில் எங்கே இருக்கிறது? பேருந்தில் போகும் இருபது நிமிடத்தில் ஒரு கதை படிக்கலாம். புதுமைப்பித்தனிலிருந்து தொடங்குங்கள். மௌனியை அவசரத்தில் படிக்காதீர்கள்.

நான்காவது, நம் வல்லினம். ம. நவீனும் நண்பர்களும் 2007-இல் அச்சிதழாகத் தொடங்கி, 2009 முதல் இணைய இதழாக நடத்துவது. மலேசியத் தமிழ் எழுத்து இன்று எங்கே நிற்கிறது என்று அறிய வேண்டுமா? அங்கே போங்கள். நேர்காணல்களிலிருந்து தொடங்கினால் எளிது. சில கட்டுரைகள் கடுமையாக விமர்சிக்கும். மனம் சுருங்காமல் படியுங்கள். விமர்சனம் இல்லாத இடத்தில் இலக்கியம் வளராது.

ஐந்தாவதைப் பெரியவர்களுக்காகவே வைத்திருந்தேன். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. அதில் கோ. சாரங்கபாணியின் பெயரோடு பிரிக்க முடியாத தமிழ் முரசும் உண்டு. 1935-இல் தொடங்கிய இதழ்! அன்று மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வாசகப் பரப்பு. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீங்கள் பிறந்த ஆண்டின் ஓர் இதழைத் திறக்கச் சொல்லுங்கள். அன்றைய விளம்பரம், அன்றைய செய்தி, அன்றைய தமிழ். ஒரு மாலைப்பொழுது எப்படிப் போகிறது என்று பாருங்கள். எழுத்து மங்கலாக இருக்கும், மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசிய ஊர்களைப் பற்றி ஏராளமாக எழுதிக் குவித்தவர் மலாக்கா முத்துக்கிருஷ்ணன் ஐயா. அங்கே போய் உங்கள் ஊரைத் தேடுங்கள். உங்கள் தாத்தாவின் தோட்டத்தைத் தேடுங்கள். இருந்தால் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால், அவரிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.

பார்த்தீர்களா? இவ்வளவையும் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. முகவரிகளை மட்டும் உங்களுக்கு அனுப்பியிருந்தால் பத்து வினாடி ஆகியிருக்கும். ஆனால் எத்தனை பேர் திறந்திருப்பீர்கள்?

ஆகவே அன்பர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வலைச்சரத்தில் வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்தார் அல்லவா? அதைப் போல உங்கள் குடும்பத்துப் புலனக் குழுவில், நண்பர் குழுவில், வாரம் ஒருவர் பொறுப்பெடுங்கள். இந்த வாரம் அண்ணன். அடுத்த வாரம் தங்கை. அதற்கடுத்த வாரம் பாட்டி. பொறுப்பெடுத்தவர் அந்த வாரம் ஒரே ஒரு நல்ல எழுத்தைச் சொல்லட்டும். நான் என்ன பெற்றேன், எங்கே தொடங்குவது, என்ன கிடைக்கும், எங்கே கவனம். நான்கே வரி. படித்துப் பார்த்தவர், எழுதியவருக்கும் ஒரு வரி அனுப்பட்டும். நண்பராக இருந்தாலும் அனுப்புங்கள். முகம் தெரியாதவராக இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள்.

கைப்பேசி படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உரக்கப் படித்துக் காட்டுங்கள். திண்ணை போய்விட்டது, படிக்கும் குரல் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. ரொட்டி சானாய் கடையில் பார்த்த அந்த அம்மாவை இப்போதும் சில காலைகளில் பார்க்கிறேன். அவரிடம் கைப்பேசி உண்டு; அழைப்பு வந்தால் எடுப்பதற்கு மட்டும். நண்பரின் எழுத்தை நான்தான் படித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில இடத்தில் தலையாட்டுவார். சில இடத்தில் விரலை உயர்த்தி நிறுத்திவிட்டுத் திருத்துவார். போன வாரம் படித்து முடித்ததும் அவர் கேட்டதை அப்படியே நண்பரிடம் போய்ச் சொன்னேன். அதைக் கேட்டு, அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "அடுத்தது எப்ப தம்பி?"

எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவரை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.